அறுபது கப்கேக்குக்கு ஐந்தடுக்கு ஸ்டாண்ட் போதுமா?

கேள்வி இதுதான்: வீட்டு விசேஷத்துக்கு அறுபது கப்கேக், கூடவே கொஞ்சம் டார்ட்டும் குக்கீயும் செய்யப் போகிறீர்கள். மேலே 20 செ.மீ., கீழே 40 செ.மீ. தட்டு உள்ள ஐந்தடுக்கு அக்ரிலிக் ஸ்டாண்ட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். ‘60 கப்கேக் வைக்கலாம்’ என்று அதில் போட்டிருக்கிறது. அதையே வாங்கலாமா, அல்லது பீங்கான், மரம் என்று வேறு ஏதாவது பார்க்கலாமா?

அறுபதும் அதில் நிற்கும். எடுக்கத்தான் முடியாது. கப்கேக் ஸ்டாண்ட் வாங்குகிற பெரும்பாலானோர் அது காலியாக நிற்கும் அழகைப் பார்த்து வாங்குகிறார்கள். விற்பவர்கள் போடும் படத்திலும் அது காலியாகவோ, ஒன்று கூடக் குறையாத முழு அடுக்காகவோதான் இருக்கும். பார்க்க வேண்டியது வேறு: ஒரு கை உள்ளே போய், பக்கத்துக் கப்கேக்கின் க்ரீமைத் தொடாமல், மேல்தட்டில் இடிக்காமல், ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே வருமா? இந்த ஒரு கேள்வியிலிருந்து கிட்டத்தட்ட எல்லா அளவுகளையும் கணக்குப் போட்டுவிடலாம்.

சாதாரண அளவுக் கப்கேக்கின் மேல்பகுதி சுமார் 7 செ.மீ. அகலம், அடிப்பகுதி 5 செ.மீ. மேலே க்ரீமைச் சுழற்றிப் பிழிந்த பிறகு உயரம் 8 முதல் 9 செ.மீ. வரும். எடை, க்ரீமைப் பொறுத்து, 60 முதல் 90 கிராம். விரல் நுழைய வேண்டும் என்றால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு சென்டிமீட்டராவது விட வேண்டும். ஆகவே ஒரு கப்கேக்குக்கு 8 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டின் விட்டத்திலிருந்து 8-ஐக் கழித்து, 3.14-ஆல் பெருக்கி, 8-ஆல் வகுங்கள். புள்ளிக்குப் பின்னால் வருவதை விட்டுவிடுங்கள். ஓரமாக ஒரு வட்டத்தில் எத்தனை நிற்கும் என்று தெரிந்துவிடும். 20 செ.மீ. தட்டில் 4, 25-ல் 6, 30-ல் 8, 35-ல் 10, 40-ல் 12. நீங்கள் பார்த்த ஸ்டாண்டுக்கு மொத்தம் 40.

அப்படியானால் அறுபது என்று எப்படிப் போட்டார்கள்? பொய் சொல்லவில்லை. ஒன்றோடொன்று ஒட்ட வைத்து, கீழ் மூன்று தட்டுகளில் உள்பக்கமாக இன்னொரு வட்டமும் வைத்தால் அறுபதைத் தாண்டிவிடும். ஆனால் உள்வட்டத்தில் இருப்பது மேல்தட்டுக்கு அடியில், இருட்டில் உட்கார்ந்திருக்கும். முன்னால் இருப்பது காலியானால்தான் அது வெளியே தெரியும். அதற்குள் அதன் க்ரீமில் யாராவது ஒருவருடைய மணிக்கட்டு பட்டிருக்கும்.

இந்தக் கணக்கில் ஒரு சின்னச் சலுகை உண்டு. தட்டில் உட்காருவது 5 செ.மீ. அடிதான், மேல்பகுதி தட்டின் விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே நிற்கலாம். அப்படி வைத்தால் 30 செ.மீ. தட்டில் எட்டுக்குப் பதில் ஒன்பது வரும். விளிம்பு மேலே மடிந்திருக்கும் தட்டுகளில் இது நடக்காது. அங்கே உள்ளளவை அளந்து கணக்குப் போட வேண்டும். விற்பவர்கள் தருவது பெரும்பாலும் வெளியளவு.

அடுத்தது தட்டுகளுக்கு இடையே உள்ள உயரம். யாரும் விசாரிக்காமல் விடுவது இதைத்தான். கப்கேக்கே 9 செ.மீ. இருக்கும்போது, 10 செ.மீ. இடைவெளி உள்ள ஸ்டாண்டில் அதை வைக்கும்போதே க்ரீமின் நுனி மேல்தட்டின் அடியில் தேய்க்கும். எடுப்பவர் கொஞ்சம் தூக்கித்தான் வெளியே இழுப்பார். தூக்காமல் இழுத்தால் அடிக்காகிதம் தட்டில் ஒட்டிக்கொண்டு கேக் சாயும். அதனால் 12 செ.மீ.க்குக் குறைந்த இடைவெளியைப் பார்க்கவே வேண்டாம். 15 இருந்தால் வசதி.

இதோடு சேர்த்து மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் உள்ள அகல வித்தியாசத்தையும் பார்க்க வேண்டும். உங்கள் ஸ்டாண்டில் தட்டுக்குத் தட்டு 5 செ.மீ. கூடுகிறது. அது இரண்டு பக்கமும் பிரிந்துவிடுவதால் ஒரு பக்கத்துக்குக் கிடைப்பது இரண்டரை சென்டிமீட்டர்தான். அதாவது 7 செ.மீ. அகலக் கப்கேக்கில் பாதிக்கு மேல் மேல்தட்டின் நிழலுக்குள் இருக்கும். மேலிருந்து பார்ப்பவருக்கு நீங்கள் பிழிந்த ரோஜா தெரியாது, அதன் ஓரம்தான் தெரியும். 20, 30, 40 என்று பத்துப் பத்தாகக் கூடும் மூன்றடுக்கில் ஒரு பக்கத்துக்கு 5 செ.மீ. வெளியே வரும், பார்க்கவும் நன்றாக இருக்கும், எடுக்கவும் எளிது. இந்த வித்தியாசம் 15 செ.மீ. ஆனால் கப்கேக் முழுதாகவே வெளியே வந்துவிடும், இடைவெளி உயரம் குறைந்தாலும் பெரிய தொந்தரவில்லை. ஆக, தட்டு வேகமாக அகலவேண்டும், இல்லாவிட்டால் இடைவெளி தாராளமாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத ஸ்டாண்ட் காட்சிக்கு மட்டும்தான்.

மொத்த உயரத்தையும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். ஐந்து தட்டுக்கு நான்கு இடைவெளி. 15 வீதம் 60 செ.மீ. சாதாரண மேசை 75 செ.மீ. அப்படியானால் மேல்தட்டு தரையிலிருந்து 135 செ.மீ. உயரத்தில் இருக்கும். குழந்தைகளுக்குக் கீழ்த்தட்டுகள் மட்டும்தான் எட்டும், எட்டாததற்கு ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு எக்குவார்கள். குழந்தைகள் வரும் விசேஷத்துக்கு நான் மூன்றடுக்குக்கு மேல் போகச் சொல்வதில்லை.

உங்கள் அறுபதுக்கு என் யோசனை: 20-30-40 மூன்றடுக்கு ஒன்று. அதில் 24. அதன் இரண்டு பக்கமும், ஒன்று உயரம் ஒன்று குட்டையாக, 30 செ.மீ. ஒற்றைத் தட்டு ஸ்டாண்ட் இரண்டு. மேலே வேறு தட்டு இல்லாததால் நடுவிலும் ஒன்று வைக்கலாம், ஒவ்வொன்றிலும் ஒன்பது. மொத்தம் 42 மேசையில் இருக்கும். மிச்சம் 18 பெட்டியிலேயே இருக்கட்டும். அறுபதும் ஒரே நேரத்தில் மேசைக்கு வர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பெட்டியில் இருப்பது காய்ந்து போகாது. அதைவிட முக்கியம், ஐந்தடுக்குக் கோபுரத்தில் பத்துப் பன்னிரண்டு எடுத்ததுமே பல் விழுந்த வாய் போல ஆகிவிடும்; ஒற்றைத் தட்டில் நான்கு குறைந்தால் மீதியை நகர்த்தி வைத்துச் சமாளிக்கலாம், பெட்டியிலிருந்து எடுத்து நிரப்பலாம். விசேஷம் முடிந்த பிறகும் ஒற்றைத் தட்டு ஸ்டாண்ட் சும்மா கிடக்காது. சாதாரண கேக்குக்கும் அதுவே ஆகும்.

ஒற்றைத் தட்டு ஸ்டாண்ட் வாங்கும்போது கடையிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. தட்டின் விளிம்பில் ஒரு விரலை வைத்து மெதுவாக அழுத்துங்கள். தட்டு 30 செ.மீ., அடிப்பாதம் 12 செ.மீ., எடை ஒன்றரைக் கிலோ என்றால், விளிம்பில் சுமார் ஒரு கிலோ அளவுக்கு அழுத்தினால்தான் மறுபக்கம் தூக்கும். அதே அளவில் 150 கிராம் எடையுள்ள பிளாஸ்டிக் ஸ்டாண்ட், 100 கிராம் அழுத்தத்துக்கே கவிழும். சட்டைக்கை உரசினால் போதும். ஸ்டாண்ட் கனமாக இருக்க வேண்டும், அல்லது பாதம் அகலமாக இருக்க வேண்டும். தட்டின் அகலத்தில் பாதிக்குக் குறையாத பாதம் என்பது என் அளவுகோல். பாதத்துக்கு அடியில் நான்கு சிறிய ரப்பர் பொட்டு ஒட்டிவிட்டால் மேசைவிரிப்பில் வழுக்காது.

இப்போது எதில் செய்தது என்பதற்கு வருவோம்.

அக்ரிலிக் மோசமில்லை. லேசானது, பிரித்துத் தட்டையாக அடுக்கி வைக்கலாம், கண்ணாடி போலத் தெரியும், கேக்கின் நிறத்தோடு போட்டி போடாது. ஆனால் தட்டின் தடிமனைக் கேளுங்கள். 40 செ.மீ. தட்டு 3 மி.மீ. தடிமனில் இருந்து, நடுவில் மட்டும் தாங்கல் இருந்தால், ஓரத்தில் பன்னிரண்டு கப்கேக், ஏறக்குறைய ஒரு கிலோ, உட்காரும்போது விளிம்பு கண்ணுக்குத் தெரியும்படி தொங்கும். 5 மி.மீ. என்றால் தட்டு மட்டுமே முக்கால் கிலோ வரும், ஆனால் நேராக நிற்கும். புதிதாக வரும்போது இரண்டு பக்கமும் ஒரு மெல்லிய பாதுகாப்புத் தாள் ஒட்டியிருக்கும். ‘அக்ரிலிக் மங்கலாக வந்திருக்கிறது’ என்று குறைப்படுகிறவர்களில் பாதிப் பேர் அதை உரிக்காதவர்கள். நடுத்தண்டில் திருகிப் பூட்டுவதா, நான்கு பக்கமும் குட்டித் தூண்கள் வைப்பதா என்பதையும் பாருங்கள். நடுத்தண்டு ஸ்டாண்டில் கீழ்த் திருகில் சிறிதளவு தளர்வு இருந்தாலும் மேல்தட்டுக்குப் போகும்போது அது பெரிய ஆட்டமாகிவிடும். தூண்கள் உள்ளது ஆடாது, ஆனால் தூண்கள் விளிம்போரம் இருந்தால் கப்கேக் வைக்கும் இடத்தைச் சாப்பிடும்.

பீங்கான் தட்டுகளின் நடுவில் ஓட்டை போட்டு, உலோகத் தண்டு செருகி, மேலே வளையக் கைப்பிடி வைத்த மூன்றடுக்கு ஸ்டாண்டைத் தேநீர் மேசைகளில் பார்த்திருப்பீர்கள். அது சாண்ட்விச், ஸ்கோன், குட்டி டார்ட் வைக்கப் பிறந்தது. எல்லாமே உயரம் குறைந்தவை. க்ரீம் பிழிந்த கப்கேக்குக்கு அதன் இடைவெளி பெரும்பாலும் போதாது. அதோடு, கைப்பிடி மேல்தட்டின் நடுவில் நிற்பதால், வெட்டுவதற்கென்று ஒரு சிறிய கேக்கை உச்சியில் வைக்கும் எண்ணம் இருந்தால் அதில் முடியாது. கேக் வைக்க வேண்டும் என்றால் மேல்தட்டு சமதளமாக, திருகுத் தலை மேலே நீட்டாமல் இருக்கும் ஸ்டாண்டைத் தேடுங்கள், 15 செ.மீ. வட்டக் கேக் ஒன்று ஒரு கிலோவைத் தாண்டிவிடும், அந்தக் கனம் உச்சியில் இருக்கும்போது நடுத்தண்டு மெல்லியதாக இருக்கக் கூடாது. தண்டுக்கும் பீங்கானுக்கும் இடையில் இரண்டு பக்கமும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வாஷர் போட்டுத்தான் திருக வேண்டும், அதுவும் கையால் மட்டும். குறடு போட்டு இறுக்கினால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. இன்னொரு நாள் ஓட்டையிலிருந்து விளிம்பு வரை ஒரு மயிரிழைக் கீறல் ஓடியிருக்கும்.

கண்ணாடிதான் என் விருப்பம். கனம் இருக்கிறது, கறை பிடிக்காது, கீறலும் எளிதில் விழாது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அடிப்பாதம் வைத்த கண்ணாடித் தட்டுகளைப் பெரியது கீழே, சிறியது மேலே என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, அதில் ஜெல்லியும் இனிப்பும் வைத்து விருந்து மேசையின் நடுவில் நிறுத்துவார்கள். இன்றும் அதைச் செய்யலாம். 40 செ.மீ. ஸ்டாண்டின் நடுவில் 25 செ.மீ. ஸ்டாண்ட் ஒன்றை நிறுத்தினால் இரண்டடுக்கு தயார், விசேஷம் முடிந்ததும் தனித்தனி. ஒரே நிபந்தனை, மேல் ஸ்டாண்டின் பாதத்துக்கு அடியில் இருபக்க ஒட்டுப்பட்டை போட வேண்டும். தூக்கும்போது தண்டைப் பிடித்துத் தூக்காதீர்கள். தட்டின் அடியில் ஒரு கை, பாதத்தில் ஒரு கை. தட்டும் தண்டும் சேரும் இடம்தான் எப்போதும் விட்டுப்போகும்.

மரம் குக்கீக்கும் ரொட்டி வகைக்கும் அழகு. வெண்ணெய் பட்டால் எண்ணெய்க்கறை ஊறிவிடும் என்பதால் க்ரீமுக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு காகிதம் தேவை. காகித அட்டை ஸ்டாண்ட் ஒருநாள் வேலைக்குச் சரி. ஈரப்பதம் உள்ள இடத்தில் மாலைக்குள் தட்டுகள் வளைய ஆரம்பிக்கும். கம்பியில் ஒவ்வொரு கப்கேக்குக்கும் ஒரு வளையம் வைத்த, கிளை விரித்த மரம் போன்ற ஸ்டாண்டை வாங்கவே வேண்டாம் என்பேன். வளையத்தின் அளவு மாறாது. உங்கள் காகிதக் கப் கொஞ்சம் சிறிதானால் நழுவி விழும், விளிம்பு உயர்ந்த டியூலிப் காகிதமானால் உள்ளேயே போகாது. கப்கேக்கைத் தவிர வேறெதற்கும் அது உதவாது.

வீட்டிலேயே தட்டுகளையும் மெழுகுவர்த்தித் தாங்கிகளையும் ஒட்டிச் செய்யலாம் என்று யாராவது சொல்வார்கள். செய்யலாம். சூட்டுப் பசை மட்டும் வேண்டாம். வழவழப்பான பீங்கானில் அதன் பிடி நம்பத்தக்கதல்ல. இரண்டு பகுதிகளைக் கலக்கும் எபாக்ஸி போட்டு, உறையில் சொன்ன நேரம் முழுக்கக் காயவிடுங்கள். தங்க நிறத் தெளிப்பு வண்ணம் அடித்த தட்டில் உணவை நேரடியாக வைக்கக் கூடாது. பழைய அலங்காரப் பீங்கான் தட்டானால் அதன் மெருகில் ஈயம் இருக்கக்கூடும். அங்கேயும் காகிதம் விரித்தே வையுங்கள்.

டார்ட், குக்கீ பற்றி. டார்ட் இரண்டு மூன்று செ.மீ. உயரம்தான் இருக்கும், மேலே இருப்பது பழமோ கஸ்டர்டோ, அதை மேலிருந்து பார்க்க வேண்டும். அதனால் அதற்குக் குட்டையான ஒற்றைத் தட்டு, அல்லது படிப்படியாக ஏறும் மேடை. சுவரை ஒட்டிய மேசைக்குக் கோபுரத்தைவிடப் படிமேடை ரொம்பச் சரி, ஏனென்றால் கோபுரத்தின் பின்பக்கத்தில் வைப்பதை யாரும் எடுக்கப் போவதில்லை. குக்கீயைத் தட்டில் பரப்பாமல் சாய்த்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள், குறைவாக இருந்தாலும் நிறைவாகத் தெரியும். கண்ணாடி மூடி போடும் ஸ்டாண்ட் வைத்திருந்தால் அதை மஃபினுக்கும் க்ரீம் இல்லாத கேக்குக்கும் பயன்படுத்துங்கள். மொறுமொறு குக்கீயைக் கேக்கோடு ஒரே மூடிக்குள் வைத்தால் கேக்கின் ஈரத்தைக் குக்கீ இழுத்துக்கொண்டு நமுத்துவிடும். டோனட்டுக்குப் பலகையில் குச்சி அடித்து மாட்டுவது இப்போது பரவலாகிவிட்டது. குச்சி நுனி சற்றே மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், நேராக இருந்தால் ஒன்றிரண்டு தரையில் இருக்கும். மாக்கரான் கோபுரம் என்றால் கூம்பு வடிவத் தெர்மாகோலில் பல்குச்சியால் குத்துவதைவிட, விளிம்பு வைத்த பிளாஸ்டிக் கூம்பு நல்லது. சாப்பிடுபவர் வாயில் குச்சி போகாது.

ஸ்டாண்டை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் உண்டு. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரியில் உருகும். அதற்கு வெகு முன்பே, 27 டிகிரியை நெருங்கும்போதே, வெண்ணெய் க்ரீமின் வரிகள் மழுங்க ஆரம்பிக்கும். அலங்கார விளக்கு நேரே மேல்தட்டில் விழுந்தால் அறை குளிர்ச்சியாக இருந்தும் உச்சியில் இருப்பது முதலில் சரியும். க்ரீம் சீஸ், விப்பிங் க்ரீம், கஸ்டர்ட் உள்ளவை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அறை வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். உங்கள் டார்ட்டுக்கு இது பொருந்தும். மிச்சத்தைப் பெட்டியோடு ஃப்ரிட்ஜில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பும் முறை இதற்கும் கை கொடுக்கும்.

ஸ்டாண்டை விசேஷம் நடக்கும் மேசையிலேயே பூட்டுங்கள். நிரப்பிய பிறகு ஓர் அங்குலம்கூட நகர்த்த வேண்டாம். போனில் உள்ள மட்டம் பார்க்கும் செயலியை அடித்தட்டில் வைத்துப் பார்த்து, மேசைக்கால் குட்டையாக இருந்தால் அட்டை சொருகுங்கள். மேசைவிரிப்பு தரை வரை தொங்கினால் பின்னால் முடிந்து விடுங்கள். யாராவது விரிப்பை மிதித்து இழுத்தால் கோபுரமே விழுந்துவிடும். கீழ்த்தட்டிலிருந்து மேலே போகும்படி நிரப்புங்கள், ஒரே பக்கமாக இல்லாமல் எதிரெதிராக. பரிமாற ஒருவர் நின்றால் மேலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

கழுவுவது அக்ரிலிக்குக்கு மட்டும்தான் பெரிய விஷயம். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய துணி, அவ்வளவுதான். கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தில் அம்மோனியா இருந்தால் அதையும், ஆல்கஹால் துடைப்பானையும் அதன் பக்கமே கொண்டுபோகக் கூடாது. உள்ளுக்குள் சிலந்திவலை போல நுண்ணிய வெடிப்புகள் வரும், வந்தால் போகாது. டிஷ்வாஷரும் கூடாது. தண்டு நுழையும் ஓட்டையிலும் திருகு மரையிலும் வெண்ணெய் ஒளிந்திருக்கும், பழைய டூத் பிரஷ் போட்டு எடுங்கள். காய்ந்த பிறகு தட்டுகளுக்கு நடுவில் டிஷ்யூ பேப்பர் வைத்துப் படுக்கையாக அடுக்குங்கள். சாய்த்து நிறுத்தி வைத்தால் மாதக்கணக்கில் வளைந்துவிடும். திருகுகளையும் வாஷர்களையும் ஒரு சின்னப் பையில் போட்டு அடித்தட்டோடு ஒட்டி வையுங்கள், வாஷர் ஒன்று தொலைந்தாலும் அந்தத் தட்டு ஆடும்.